பாதை

கிளிவெட்டியில் திரும்பியதும் தார் முடிகிறது,
பாணைக் கையால் பிய்த்த மாதிரி
ஓரம் கரடுமுரடாக.
அதற்கப்பால் கிரவல்.
நேற்று டிப்பர் கொட்டிவிட்டுப் போன
இரண்டு குவியல் இன்னும் பரவப்படாமல்.

இமெல்டா இறங்கி
இரண்டு சில்லிலும் கொஞ்சம் காற்றை விட்டாள்.
"இறுக்கி அடிச்ச டயர் கல்லோட சண்டை பிடிக்கும்."
நான் இறக்கவில்லை.
வேறு காரணம் ஒன்றுமில்லை, பிடிவாதம்.

முதல் மூன்று கிலோமீற்றரும்
என் பற்கள்தான் பேசின.

வாய்க்கால் வலப்பக்கம் வந்து சேர்ந்த பிறகு
கறகற என்றிருந்தது சரசர என்று மாறியது.
மணல் கூடிய இடங்களில் சத்தமே இல்லை,
ஊமையாய்ப் பத்து மீற்றர்,
அதில்தான் சைக்கிள் பாம்பு மாதிரி நெளியும்.
சிறுபோக நெல் பால் பிடிக்கிற நேரம்.
வரம்பில் நின்ற கொக்கு
மோட்டார்சைக்கிளுக்குப் பறந்திருக்கும்.
நாங்கள் அந்தளவு முக்கியமில்லை.

"ட்ரக்டர் தடத்திலேயே வா!"

மணலுக்காகத்தான் சொன்னாள்.
உப்புவெளியில் வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாது
அதே சொற்களை அதே உரப்பில்
மீளக் குடியேறிய வருடம்
எங்களுக்கு ஒருவர் தினமும் சொன்னதை:
தடத்திலேயே வா.
சிவப்புப் பலகைப் பக்கம் மாடு போனால்
மாட்டை விடு.

இப்போது பலகை இல்லை.
காணி துப்புரவு என்று கடதாசி இருக்கிறது,
கையெழுத்து, முத்திரை, எல்லாம்.
ஆனாலும் மூத்திரம் பெய்ய
றோட்டோரத்திலேயே நின்றேன்,
பற்றைக்குள் இறங்கவில்லை.
இமெல்டா மறுபக்கம் திரும்பி
நெடுநேரம் சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள்.
அந்தச் சங்கிலிக்கு
எண்ணெய் தேவைப்பட்டிருக்கவில்லை.

கங்குவேலி தாண்டிப் பின்சில்லு சீறியது.
ரியூப்பை வாய்க்காலில் அமிழ்த்தி
குமிழி எங்கே என்று பார்த்தோம்.
எங்களோடு பத்தினியன் அண்ணரும் பார்த்தார்,
அவருக்குப் பின்னால் அவருடைய பட்டி,
நூறு மாடாவது இருக்கும்,
எல்லாம் எட்டிப் பார்த்தன.
"முள்ளில்ல. கல்லு வெட்டின வெட்டு."
இமெல்டா ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எங்க போறீங்க ரெண்டு பேரும்?"
"பாதை போற வரைக்கும்" என்றாள் அவள்.
அவர் சிரிக்கவில்லை.
"பாதை இப்ப ஓடுறேல்ல பிள்ள.
பாலம் போட்டாப் பிறகு கரையில ஏத்தியாச்சு."

அவள் என்னைப் பார்த்தாள்.
இந்தப் பக்கத்தில் பாதை என்றால்
ஆற்றில் மிதப்பது.
கம்பியைப் பிடித்து இழுத்தால்
லொறியும் லொறிக்குள் ஆடும்
ஆட்டுக்காரனின் கோபமும் அக்கரை சேரும்.
நாங்கள் இவ்வளவு நேரம் ஓடியது
வெறும் றோட்டு.

அது மருதமரம் ஒன்றைச் சுற்றி வளைந்து
திடீரென்று இறங்கியது.
மாவலி, சாயம் குறைந்த பால்தேத்தண்ணி நிறத்தில்,
அவசரமில்லாமல்.
பாதை முடிந்த இடத்தில்
பாதை சரிந்து கிடந்தது,
துருப்பிடித்த தகட்டின் மேல்
ஒரு வெள்ளாடு, கால் நான்கையும் மடக்கி
பயணச்சீட்டு எடுத்த பயணி போல.

அக்கரையில் அதே செம்மண்
கரையேறிப் போகிறது, எங்களைக் கேட்காமல்.
கைபேசியைத் திறந்தேன்.
எங்கள் நீலப்புள்ளி
ஏற்கெனவே நடு ஆற்றில் நின்றது.

"முதலை?" என்று கேட்டேன்.
ஆடு பதில் சொல்லவில்லை.

தகட்டின் நிழலில் குந்தி
மாலுபாணைப் பிய்த்துத் தின்றோம்.
இமெல்டா கொப்பியை முழங்காலில் வைத்து எழுதினாள்:
இருபத்தொரு கிலோமீற்றர்.
மணல், நான்கு இடம்.
நிழல், ஒரு மரம்.
யானைச் சாணம், பழசு.
கடக்க முடியாது.

பிறகு கடைசி வரியை வெட்டி,
பேனையைக் கடித்து,
ஆட்டை ஒருதரம் பார்த்து, எழுதினாள்:
ஆவணியில் தண்ணீர் வற்றும்.
வந்து பார்க்கவும்.
காற்றைக் குறைத்துக்கொண்டு.